கடலைப் பார்த்த ஃபிளாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்கு நேர் எதிரே நிற்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாம் தளத்தில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். அவற்றில் ஐந்து ஆண்டுகள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். அந்த ஐந்து ஆண்டுகளில் லிஃப்டில் என்னைச் சந்தித்த எவரும் நலம் விசாரித்ததாக நினைவில்லை, புகார் மட்டுமே சொன்னார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் கடலின் படங்களைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து கேள்விகள் தொடங்கும். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஜன்னல் கண்ணாடியை நேற்றுதான் துடைத்தேன். இன்றே மங்கிவிட்டதே, ஏன்?

உங்கள் துடைப்பில் குறை ஒன்றும் இல்லை. அலை உடையும்போது நீருக்குள் சிக்கும் காற்று எண்ணற்ற குமிழிகளாக மேலே வந்து வெடிக்கிறது. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத திவலைகளைத் தெறிக்க விடுகிறது. காற்று அவற்றைக் கரைக்குச் சுமந்து வரும் வழியிலேயே நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிட, மிஞ்சும் உப்பு எதிர்ப்படும் முதல் பொருளின் மேல் படிகிறது. அந்த முதல் பொருள் நம் ஜன்னல். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை ஓய்வதும் இல்லை. கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே இந்தப் படிவு வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்கள் நம் புலம்பலை மிகையென்று நினைப்பதற்கு இதுவே காரணம்.

உலர்ந்த துணியால் துடைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உப்போடு நுண்ணிய மணலும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். தேய்த்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். என் வரவேற்பறைக் கண்ணாடியில் வெயில் சாய்வாக விழும்போது, விசிறி விரித்தாற்போல் மெல்லிய கீறல்கள் வளைந்து வளைந்து தெரியும். முதல் ஆண்டில் பழைய செய்தித்தாளை வைத்து நான் ஆர்வத்தோடு தேய்த்ததன் விளைவு அது. நல்ல தண்ணீரை முதலில் தாராளமாக ஊற்றி உப்பையும் மணலையும் கழுவிவிட்டு, அதன் பிறகே துணியையோ ரப்பர் வைப்பரையோ எடுங்கள். சோப்புக்கூடத் தேவையில்லை.

மழையே இல்லாத நாளிலும் கைப்பிடி, மேசை, புத்தக அட்டை எல்லாம் பிசுபிசுவென்று இருப்பது எதனால்?

அதே உப்புதான். சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு அளவே போதும். ஆகவே வறண்டதாகத் தோன்றும் பகல் நேரத்திலும் மேசைமீது மெல்லிய ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். பால்கனியில் நாள் முழுவதும் தொங்கிய துவாலை காயாமல் மொடமொடப்பும் ஈரமும் கலந்த விசித்திர நிலையில் கைக்கு வருவதும் இதனால்தான். துணியைக் காற்று பலமாக வீசத் தொடங்கும் முன்பே, காலையில் உலர்த்தி எடுத்துவிடுவது நல்லது.

தமிழில் கடலின் ஏற்றத்துக்கும் ஓதம் என்று பெயர். சுவரில் ஏறும் ஈரத்துக்கும் ஓதம் என்றே பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் கடலோரத்தில் வீடு கட்டிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லித்தானே கைப்பிடிக் கம்பியை விற்றார்கள்? அதிலும் பழுப்புக் கறை வருகிறதே?

எஃகில் கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மிக மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 304 என்ற வகை இந்தத் தாக்குதலைத் தாங்காது. 316 என்ற வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்க்கப்பட்டிருப்பதால் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும்; கழுவாமல் விட்டால் அதிலும் தேநீர்க் கறை போலப் பழுப்பு நிறம் படரும். வாங்கும்போது எந்த வகை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பளபளவென்று மெருகேற்றிய பரப்பில் உப்பு எளிதில் தங்காது. கீறல் கீறலாக இருக்கும் பரப்பில் தங்கும். கறையைப் போக்க இரும்பு நாரைக் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். நாரின் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவையே புதிய துருவாகும்.

பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. மழையில் நன்றாக நனையும் கம்பியைவிட, மழை படாத கம்பிதான் விரைவில் கெடும். மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். கூரைக்கு அடியில் இருப்பதைக் கழுவ ஆளில்லை. என் பால்கனிக் கைப்பிடியின் மேற்புறம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் முகம் பார்க்கும்படி இருக்கிறது. அதன் அடிப்புறத்தில் விரலை ஓட்டினால் சொரசொரப்பாகத் தட்டும், விரல்நுனி செம்பழுப்பாகும். கீல், தாழ்ப்பாள், திருகாணித் தலை, பூட்டின் உட்புறம் ஆகியவை முதலில் போவதும் இப்படித்தான். மாதத்துக்கு இருமுறை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகாணி போடும் தச்சரை அன்போடு தடுத்து நிறுத்துங்கள்.

ஏசியின் வெளி யூனிட் மற்றவர்களுக்குப் பத்தாண்டு உழைக்கிறது. நமக்கு மட்டும் ஏன் பாதியிலேயே போய்விடுகிறது?

வெளி யூனிட்டுக்குள் பெரும்பாலும் செம்புக் குழாய்களும், அவற்றின் மேல் நெருக்கமாக அடுக்கிய அலுமினியத் தகடுகளும் இருக்கும். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம் போல இயங்கத் தொடங்கும்; அதில் அரிக்கப்படுவது அலுமினியம். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும்; பிறகு தகடுகள் விரல் பட்டாலே அப்பளம் போல் நொறுங்கும்; குளிர்ச்சி குறைந்து, மின்கட்டணம் ஏறி, கடைசியில் குழாயில் கசிவு வரும்.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுவதைவிடச் சிறந்த வைத்தியத்தை நான் கண்டதில்லை. அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். யூனிட் எட்டாத உயரத்தில் இருந்தால் நீங்களாக ஏற வேண்டாம்; பழுதுபார்ப்பவரை அழைத்துச் செய்யுங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள் கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்துப் பக்கச் சுவரில் மாட்டுவதும், தகடுகளுக்குக் காப்புப் பூச்சுள்ள மாதிரியைக் கேட்டு வாங்குவதும் பலன் தரும். நான் இதையெல்லாம் மூன்றாவது யூனிட்டில்தான் கற்றேன்.

பிற்பகலானால் கதவுகள் தாமாகவே அறைந்து சாத்திக்கொள்கின்றன. ஜன்னல் ஊளையிடுகிறது. என்ன செய்யலாம்?

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால், நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுத்து, இருட்டியதும் தணியும். உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அது கதவில் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். கடல்பக்க ஜன்னலும் பின்பக்க ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் வீடே ஒரு குழாயாகிவிடும். நடுவிலுள்ள கதவு அறைபடாமல் வேறென்ன செய்யும்? பின்பக்கத்தைச் சற்று ஒருக்களித்து வையுங்கள். கதவுகளுக்குக் காந்தத் தடுப்பு மாட்டுங்கள்.

ஊளைக்குக் காரணம் ஸ்லைடிங் ஜன்னலின் ஏதோ ஓர் இடுக்கு. அதைக் கண்டுபிடிக்க, ஒரு மெல்லிய காகிதக் கீற்றைச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் கீற்று படபடக்கிறதோ, எந்த இடத்தில் அதை அழுத்தினால் ஊளை சட்டென்று நிற்கிறதோ, அங்கேதான் ரப்பர் பட்டையோ மயிர்ப்பட்டையோ தேய்ந்திருக்கும். என் வீட்டில் அது ஒரு சுண்டுவிரல் நீள இடைவெளி. அதற்காக நான் ஜன்னலையே மாற்ற விலை கேட்டிருந்தேன்.

இதோடு சேர்த்து மேல்தளத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டாமல் விடாதீர்கள். போர்வைக்கு நான்கு கிளிப்பாவது போடுங்கள். பூப்போட்ட நீலப் போர்வை ஒன்று ஆண்டுக்கணக்காக எங்கள் பால்கனிக்கு வந்துபோகிறது. அதை மடித்துக் காவலாளியிடம் கொடுப்பது எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. போர்வை பரவாயில்லை. பூந்தொட்டி விழுந்தால் கீழே யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது.

இரவில் அலைச்சத்தம் கூடிவிடுகிறதே, கடல் நெருங்கி வருகிறதா?

வரவில்லை. பகலில் போக்குவரத்தும் பேச்சும் அலையோசையை மூடியிருக்கும். மேலும், பகலில் தரையருகே வெப்பமும் மேலே குளிர்ச்சியுமாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிந்த இரவில் தரையருகேயுள்ள காற்று குளிர்ந்துவிடுவதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து நம் படுக்கையறைக்கு வந்துசேரும். காற்றே அசையாத இரவிலும் பேரலை இரைந்தால் அஞ்ச வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எப்போதோ அடித்த புயல் எழுப்பிய அலை இப்போது வந்துசேர்ந்திருக்கும். ஏற்றமும் இறக்கமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், நேற்று விழிப்பு வந்த அதே நேரத்தில் இன்று வராது.

பழகிவிடுமா என்று கேட்பார்கள். ஆறு வாரத்தில் பழகிவிடும். அதன் பிறகு வேறு ஊரில் போய்ப் படுத்தால் அந்த அமைதியில் தூக்கம் வராது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

சில நாள்களில் நாற்றம் அடிக்கிறதே, கழிவுநீரா?

பெரும்பாலும் கரையொதுங்கிய பாசி அழுகும் நாற்றம். நீர் வற்றிய நேரத்தில் அதிகமாகத் தெரியும். கடலுக்கே உரிய மெல்லிய வாசனைக்கு முக்கியமான காரணம் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. கடலின் நுண்பாசிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. இரண்டு நாளாகியும் காற்றுத் திசை மாறியும் நாற்றம் போகவில்லையென்றால் அது நம் கழிவுநீர்த் தொட்டிதான், செயலாளரைக் கூப்பிடுங்கள். இப்போது அது நான் இல்லை.

முதலில் இனிப்பாக இருந்த போர்வெல் தண்ணீர் ஏன் உப்பாகிவிட்டது?

கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் ஆபத்து புரியும்: மேலே ஒரு மீட்டர் இறங்க நாம் இறைத்துவிட்டால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் நாற்பது மீட்டர் ஏறி வரப் பார்க்கும். குழாயை இன்னும் ஆழமாக இறக்கலாமே என்று பொதுக்குழுவில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் எழுந்து சொல்வார். ஆழம் கூடினால் உப்புக்கு இன்னும் அருகில் போகிறோம். மோட்டாரைத் தொடர்ந்து ஓட விடாமல் இடைவெளி விட்டு ஓட்டுவதும், மொட்டை மாடி மழைநீரை வடிகாலில் விடாமல் நிலத்துக்குள் இறக்குவதும்தான் நம்மால் ஆகக்கூடியவை. உப்பேறிய நீரால் ஜன்னலைக் கழுவுவது வீண் வேலை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கால் கழுவும் குழாய் வாசலில் இருக்கும்போது லிஃப்டுக்குள் மணல் எப்படி வருகிறது?

அந்தக் குழாயை யாரும் திறப்பதில்லை என்பதால் வருகிறது. லிஃப்ட் கதவு ஓடும் பள்ளத்தில் மணல் சேர்ந்தால் கதவு முழுதாக மூடாது, மூடாத லிஃப்ட் நகராது. ஈரக்காலோடு வந்து, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு.

உறவினர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்துவிடுகிறார்களே?

இது சங்கத்தின் வரம்புக்குள் வராது. ஆனால் வந்தவர்களின் ஈர உடைகளைப் பொதுப் படிக்கட்டின் கம்பியில் உலர்த்துவது வரும்.

ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் பால்கனி விளக்கை அணைக்கச் சொல்கிறார்களே, அவ்வளவு தூரத்து விளக்கா கெடுதி செய்யும்?

செய்யும். பொரித்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் தாழ்வான திசைகளில் எது வெளிச்சமாக இருக்கிறதோ அதை நோக்கி ஊர்கின்றன. இயற்கையான இரவில் அது வான்வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் கடல். நாம் விளக்கைப் போட்டுவைத்தால் அவை கட்டடத்தை நோக்கித் திரும்பி, களைத்தோ காய்ந்தோ வண்டியில் அடிபட்டோ இறக்கின்றன. விளக்கு வேண்டியே ஆக வேண்டுமென்றால், கீழ்நோக்கி மறைப்பிட்ட, செம்மஞ்சள் நிற விளக்கைத் தாழ்வாகப் போடுங்கள். அறைக்குள் இருக்கும் விளக்குக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டாலே போதும்.

பால்கனி மேற்கூரையில் மயிரிழைபோல ஒரு விரிசல். பூசிவிட்டால் போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

நல்ல காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 12க்கு மேல். அந்தக் காரத்தால் உள்ளேயுள்ள கம்பியின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகி, துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து கம்பியை அடையும்போது அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் உண்டாகக் காரணமான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடம் இல்லாததால் அது காங்கிரீட்டைப் பிளக்கிறது. பிளவு வழியே மேலும் உப்பும் ஈரமும் போகின்றன. நீங்கள் பார்க்கும் மயிரிழை, உள்ளே பல ஆண்டுகளாக நடந்தது வெளியே தெரியும் முதல் நாள். கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் ஓடினாலோ, ஓரத்தில் பழுப்புநீர் வழிந்த தடம் இருந்தாலோ ஐயமே வேண்டாம்.

ஒரு சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உறுதியான இடம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று, காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் ஒலிக்கும். எங்கள் கட்டடத்தில் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் இப்படித் தட்டித் தட்டிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். மூன்று வட்டம் எதிர்பார்த்த நாங்கள், ஒரே பால்கனியில் பதினொன்றை எண்ணினோம்.

மேலே பூசிவிடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதுதான். உப்பேறிய காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுத்து, கம்பியைத் துருப்போகச் சுத்தம்செய்து, தேய்ந்ததை மாற்றி, அதற்கென உள்ள கலவையால் அடைக்க வேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு: ஒட்டுப்போட்ட இடம் காப்பாகிவிட, அதன் விளிம்பை ஒட்டிய பழைய பகுதியிலுள்ள கம்பி முன்னைவிட விரைவாக அரிக்கத் தொடங்கலாம். ஆகவே எங்கெங்கே, எவ்வளவு தூரம் கொத்துவது என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். வர்ணம் அடிப்பவர் முடிவு செய்ய வேண்டாம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், 1981இல் கட்டப்பட்ட 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று பின்னிரவில் இடிந்து, 98 பேர் இறந்தார்கள். அதற்குக் கடலுப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது; வடிவமைப்புக் குறைகளும் விசாரணையில் வெளிவந்தன. ஆனால் நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு தோற்றுப்போனதையும் காங்கிரீட் சிதைந்திருந்ததையும் ஒரு பொறியாளர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அதன் பிறகு குடியிருப்போர் செலவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் பொதுக்குழுக் குறிப்பேட்டைப் படிப்பது போல இருந்தது.

கடல் தெரியாத பின்பக்க வீட்டுக்காரர் நான். கடல்பக்கச் சுவருக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?

நியாயமான கோபம். காட்சி அவர்களுக்கு, கணக்கு எல்லாருக்குமா என்று தோன்றும். ஆனால் அந்தச் சுவர் அவர்கள் தலைக்கு மட்டும் நிற்கவில்லை. தூணும் உத்தரமும் பின்பக்கத்தையும் சேர்த்துத்தான் தாங்குகின்றன. உப்பை முதலில் வாங்கிக்கொண்டு உங்கள் ஏசியைக் காப்பாற்றுவதும் அந்தச் சுவர்தான். கட்டமைப்பு வேலைக்குச் சமபங்கு, கடல்பக்கத்துக் கண்ணாடி, கைப்பிடி போன்றவற்றுக்கு அந்தந்த வீட்டுக்காரர் என்று எங்கள் சங்கம் பிரித்தது. இருதரப்பும் முணுமுணுத்ததால் அது ஓரளவு நேர்மையான பிரிவாக இருக்கும் என்று நம்பினேன். பழுதுநிதியை மட்டும் தனிக் கணக்கில் வையுங்கள். பொதுச் செலவோடு சேர்த்தால் அது கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

கடலோரத்தில் ஃபிளாட் வாங்கப் பார்க்கிறேன். போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விற்பவர்கள் காலையில் வரச் சொல்வார்கள். காற்று வலுத்த பிற்பகலில் போங்கள். பால்கனிக்குப் போனதும் எல்லாரும் கடலைப் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து மேற்கூரையைப் பாருங்கள். பிறகு கைப்பிடியின் அடியில் விரலை ஓட்டுங்கள், கீலின் திருகாணித் தலைகளைப் பாருங்கள், எல்லா ஜன்னலையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். புது வர்ணத்தைக் கண்டு மகிழாதீர்கள். அது எதன் மேல் அடிக்கப்பட்டது என்று கேளுங்கள். கீழே இறங்கி, வண்டி நிறுத்துமிடத்தில் மழையும் வெயிலும் படாத தூண்களின் அடிப்பகுதியில் விளக்கடித்துப் பாருங்கள். கடைசியாகச் சங்கத்தின் மூன்றாண்டுக் குறிப்பேட்டையும் பழுதுநிதியின் இருப்பையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், காங்கிரீட்டைத் தட்டிப் பார்க்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.